காற்றுத் தலையணை: கிராமைப் பார்ப்பதா, கழுத்தைப் பார்ப்பதா?

பல் துலக்கும் பிரஷின் கைப்பிடியைப் பாதியாக வெட்டி எடை குறைக்கும் கூட்டம் ஒன்று மலையேற்றக்காரர்களிடையே உண்டு. உணவு, தண்ணீர், எரிபொருள் நீங்கலாக மொத்த மூட்டையையும் 4.5 கிலோவுக்குள் அடக்கிவிட வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கில் முதலில் வெட்டுப்படுவது தலையணைதான். துணியைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டால் போயிற்று என்பார்கள். மறுபக்கம், தலையணை செய்கிற நிறுவனங்களும் அட்டையில் பெரிய எழுத்தில் எடையைத்தான் அச்சிடுகின்றன: 45 கிராம், 60 கிராம், 80 கிராம்.

இரண்டு தரப்பும் தவறான எண்ணைப் பார்க்கிறார்கள் என்பது என் கட்சி. ஒரு கைபேசியே 180, 200 கிராம் இருக்கிறது. மிக இலேசான காற்றுத் தலையணைக்கும் சுகமான காற்றுத் தலையணைக்கும் உள்ள வித்தியாசம் 30, 40 கிராம்தான். அதை முதுகு கவனிக்கவே கவனிக்காது. தலையணையின் உயரம் 3 சென்டிமீட்டர் தவறினால் கழுத்து கவனிக்கும். மறுநாள் ஏற்றம் முழுக்கக் கவனித்துக்கொண்டே வரும்.

செலவில்லாத தலையணையை முதலில் பார்த்துவிடலாம். உடுத்தாத துணிகளைப் பையில் திணித்துத் தலைக்கு வைப்பது. இதில் எடை கூடுவதில்லை, ஓட்டை விழுந்து காற்று இறங்கும் பயமில்லை. ஆனால் இந்த ஏற்பாடு ஒரு நிபந்தனையின்மேல் நிற்கிறது: இரவில் உங்களிடம் உடுத்தாத துணி மிச்சம் இருக்க வேண்டும். குளிர் இறங்கினால் ஜாக்கெட் உடம்புக்குப் போய்விடும், கம்பளிக் குல்லா தலைக்குப் போய்விடும். பையில் மிஞ்சுவது ஈரமான மழைக்கோட்டும் நேற்றைய காலுறையும்தான். தூக்கம் மிகவும் தேவைப்படுகிற இரவில்தான் தலையணை காணாமல் போகிறது. கூடவே, ஜாக்கெட்டின் ஜிப் எந்தப் பக்கம் திரும்பிக் கிடக்கிறது என்பதைக் காது கண்டுபிடித்துச் சொல்லும். மல்லாந்து படுத்து அசையாமல் தூங்குகிறவர், வெயில் காலத்தில் மட்டும் நடக்கிறவர் என்றால் இது போதும். அவர் இந்தக் கட்டுரையை இங்கேயே மடித்து வைத்துவிடலாம்.

அடுத்து நுரைத் தலையணை. தெர்மரெஸ்ட் நிறுவனத்தின் சுருட்டித் திணிக்கும் தலையணை இந்த வகையில் பலருக்கும் தெரிந்தது. மெத்தை தயாரிப்பில் மிஞ்சும் நுரைத் துண்டுகளை உள்ளே அடைத்திருப்பார்கள். வீட்டுத் தலையணைக்கு மிக அருகில் வருவது இதுதான், அதில் சந்தேகமே இல்லை. முள் குத்தினாலும் கவலையில்லை. ஆனால் எடை 200 கிராமைத் தாண்டுகிறது. எடையைவிட இடம்தான் பெரிய தொல்லை: எவ்வளவு இறுக்கிச் சுருட்டினாலும் ஒரு பெரிய தண்ணீர்ப் பாட்டிலின் இடத்தை அடைத்துக்கொள்ளும். நனைந்தால் உலர நாளாகும். அழுத்தினால் அமிழ்ந்து மெல்ல மீளும் மெமரி ஃபோம் வகை நுரைக்கு இன்னொரு குணமும் உண்டு. குளிரில் அது விறைத்துப்போகும், தலையின் சூடு பட்டுப் பட்டுத்தான் மெல்ல இளகும். வண்டியில் போய் அதன் பக்கத்திலேயே கூடாரம் போடுகிறவர்கள் வேறு எதையும் யோசிக்க வேண்டாம், நுரையையே வாங்கலாம். முதுகில் சுமந்து நடக்கிறவர்களுக்கு இது ஆகாது.

நடுவில் ஒரு கலப்பு இனம் இருக்கிறது: உள்ளே காற்றுப் பை, மேலே மெல்லிய நுரை அல்லது பஞ்சுப் படலம். நீமோ நிறுவனத்தின் ஃபில்லோ இப்படிப்பட்டது, சுமார் 250 கிராம். அதன் தம்பியான ஃபில்லோ எலைட், நுரைக்குப் பதில் மெல்லிய செயற்கைப் பஞ்சை வைத்து, சுமார் 80 கிராமுக்கு இறங்கிவிடுகிறது. அண்ணனைவிடத் தம்பிதான் எனக்கு நியாயமான சரக்காகப் படுகிறது. 250 கிராம் சுமக்கத் துணிந்தவர் நேராக நுரைக்கே போய்விடலாமே.

ஆக, நடைப் பயணத்துக்குப் போட்டி காற்றுத் தலையணைகளுக்குள்தான். வித்தியாசங்கள் நிறைய இருப்பதும் இங்கேதான்.

தோல் முதலில்

மலிவான காற்றுத் தலையணைகள் பிவிசியில் வரும். மேலே வெல்வெட் போலப் பூம்பஞ்சு ஒட்டியிருக்கும். தொட்டுப் பார்க்கச் சுகம்தான். ஆனால் கனம் அதிகம், பிளாஸ்டிக் வாடை அடிக்கும், குளிரில் அட்டை மாதிரி விறைக்கும், மடித்த இடத்திலேயே மறுபடி மறுபடி மடிந்து நாளடைவில் வெடிப்பு விடும். ஆண்டுக்கு ஒருமுறை பஸ் பயணத்துக்கு எடுப்பவருக்குப் போதுமானது. மலைக்கு அது வேண்டாம்.

நடைக்கென்று செய்யப்படுபவை பெரும்பாலும் நைலான் அல்லது பாலியஸ்டர் துணியின் உட்புறம் டிபியு என்ற, ரப்பர் போல வளையும் பிளாஸ்டிக் படலம் ஒட்டியவை. டிபியு குளிரிலும் வளைந்துகொடுக்கும், இலேசானது, பிவிசி அளவுக்கு வாடையும் கிடையாது. துணியின் தடிமனை டீனியர் என்ற எண்ணால் சொல்வார்கள். 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் இருக்கிறதோ அதுதான் டீனியர். எண் குறையக் குறைய நூல் மெலிது. சீ டு சம்மிட் நிறுவனத்தின் ஏரோஸ் வரிசையை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம்: அல்ட்ராலைட் என்ற வகையில் 20 டீனியர் துணி, எடை சுமார் 60 கிராம், பிரீமியம் என்ற வகையில் 50 டீனியர் பின்னல் துணி, எடை சுமார் 80 கிராம். இரண்டும் வடிவத்தில் கிட்டத்தட்ட ஒன்றே. நடுவில் இருக்கும் 20 கிராம் முழுக்கத் துணிக்கான விலை.

அந்த 20 கிராமைக் கொடுங்கள் என்பேன். காரணம் மென்மை மட்டும் அல்ல, சத்தம். மெல்லிய துணி ஒவ்வொரு அசைவுக்கும் மொறுமொறுக்கும். கையில் பிடித்துப் பார்க்கும்போது பொருட்படுத்தத் தோன்றாத அதே மொறுமொறுப்பு, காதை அதன்மேல் அழுத்திப் படுத்தால் மண்டையோட்டின் வழியாகவே உள்ளே வந்து கேட்கும். அடுத்தவருக்குக் கேட்காது, உங்களுக்கு மட்டும் கேட்கும். வியர்த்த கன்னம் மெல்லிய துணியில் ஒட்டிக்கொள்வது இன்னொரு எரிச்சல். ஏற்கெனவே மெல்லிய துணிதான் கையில் இருக்கிறது என்றால், ஒரு பருத்திச் சட்டையை உறை போல மாட்டினால் ஒட்டுவதும் தீரும், சத்தமும் பாதி குறையும். அதைவிட மேல், கம்பளி போன்ற ஃபிளீஸ் மேல்சட்டையைச் சுற்றுவது. துணிமூட்டைக் கட்சிக்காரர்கள் சொல்வதில் உண்மையும் இங்கேதான் இருக்கிறது. துணி தனியாக நல்ல தலையணை ஆகாது, நல்ல தலையணை உறை ஆகும்.

உயரம்: முடிவு செய்ய வேண்டிய இடம்

மல்லாந்து படுக்கிறவருக்குத் தலைக்கும் தரைக்கும் நடுவே நிரப்ப வேண்டிய இடைவெளி குறைவு. குப்புறப் படுக்கிறவருக்கு ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. உயரமான தலையணை அவர் கழுத்தைப் பின்னுக்கு முறித்துவிடும். ஒருக்களித்துப் படுக்கிறவருக்குத் தோள் அகலம் முழுவதையும் நிரப்பியாக வேண்டும்.

எவ்வளவு என்று அளந்துவிடலாம். சுவரில் ஒரு பக்கத் தோளை ஒட்டி நேராக நில்லுங்கள். சுவருக்கும் தலையின் பக்கவாட்டுக்கும் உள்ள தூரத்தை இன்னொருவரை அளக்கச் சொல்லுங்கள். அதுதான் ஒருக்களித்துப் படுக்கும்போது உங்கள் கழுத்து கேட்கும் அதிகபட்ச உயரம். இதில் ஒன்றைக் கழிக்க வேண்டும்: தோள் படுக்கையில் எவ்வளவு புதைகிறது என்பதை. பலரும் விட்டுவிடும் விஷயம் இதுதான். 2 சென்டிமீட்டர் கெட்டி நுரைப் பாயில் தோள் புதையவே புதையாது, அளந்த உயரம் முழுதும் வேண்டும். 7, 8 சென்டிமீட்டர் காற்று மெத்தையில் தோள் ஓரளவு அமிழும், தலையணை அந்த அளவுக்குத் தாழ்வாக இருந்தால் போதும். அதாவது ஒரே ஆளுக்கு, படுக்கையை மாற்றினால் தலையணையின் அளவும் மாறும். எடை குறைக்க 120 சென்டிமீட்டர் குட்டை மெத்தையை எடுத்துப் போகிறவர்களுக்குக் கணக்கு இன்னும் புரளும். அவர்களுடைய தலையணை மெத்தைக்கு வெளியே, வெறும் தரையில் கிடக்கும். மெத்தையின் தடிமனையும் அது சேர்த்து ஈடுகட்டியாக வேண்டும்.

அட்டையில் போட்டிருக்கும் உயரத்தை அப்படியே நம்ப வேண்டாம். 12 சென்டிமீட்டர் என்று போட்டிருந்தால் அது முழுக்க ஊதி, மேலே எதுவும் வைக்காமல் அளந்தது. மனிதத் தலை சுமார் 5 கிலோ. முழுக்க ஊதிய தலையணையில் அந்த 5 கிலோவை வைத்தால், நுரை போல அது இறங்கி வழிவிடாது, திமிறும். தலை ஒரு பந்தின் முதுகில் ஏறி உட்கார்ந்த மாதிரி எந்தப் பக்கமும் உருளப் பார்க்கும். காற்றைக் கொஞ்சம் விட்டால்தான் நடுப்பகுதி அமிழ்ந்து, ஓரங்கள் எழும்பித் தலையைத் தாங்கிப் பிடிக்கும். அப்படி விட்டபின் மிஞ்சும் உயரம்தான் நிஜமான உயரம். எனவே ஒருக்களித்துப் படுக்கிறவர் தமக்கு வேண்டியதைவிட 3, 4 சென்டிமீட்டர் கூடுதலாகக் காட்டும் தலையணையாகத் தேடுவது நல்லது. உயரமான தலையணையைத் தாழ்த்தலாம், தாழ்ந்ததை உயர்த்த முடியாது.

வடிவம் இதன் தொடர்ச்சிதான். கிளைமிட் நிறுவனத்தின் பில்லோ எக்ஸ், நடுவில் எக்ஸ் வடிவப் பள்ளம் விட்டு, தலை தானாகவே நடுவுக்கு வந்து சேரும்படி செய்தது, 55 கிராம்தான். மல்லாந்து படுப்பவர்களுக்கு அருமையான யோசனை. இரவெல்லாம் புரண்டு படுப்பவருக்கு அந்தப் பள்ளமே தொந்தரவு, ஒவ்வொரு புரளலுக்கும் தலை மேடேறி இறங்க வேண்டும். கீழ் விளிம்பில் தோளுக்கு இடம்விட்டு உள்வாங்கிய வளைவு உள்ளவை ஒருக்களித்துப் படுப்பவர்களுக்கு ஏற்றவை. அந்த வளைவு இல்லாவிட்டால் தோள் தலையணையை மேலே தள்ளிக்கொண்டே போகும்.

வால்வு

பழைய பாணியில் ஒரு சிறு குழாய், அதில் ஒரு திருகு. ஊதிவிட்டு வாயை எடுப்பதற்குள் திருக வேண்டும், பாதிக் காற்று போய்விடும். இன்றைய தட்டை வால்வு இரண்டு அடுக்கு கொண்டது. வெளி மூடியைத் திறந்தால் உள்ளே இன்னொரு வாய், அதில் காற்றை உள்ளே மட்டும் விடும் மெல்லிய சிலிகோன் மடல். மூன்று நான்கு மூச்சில் தலையணை நிறைந்துவிடும். நடுவில் நிறுத்தி இளைப்பாறினாலும் காற்று திரும்பி வராது. இரண்டாவது அடுக்கையும் பிடுங்கினால் எல்லாக் காற்றும் ஒரே மூச்சில் வெளியேறும்.

இதில் பார்க்க வேண்டிய இடம் அந்த மடல்தான். சற்று அதிகமாக ஊதிக்கொண்டு, படுத்த நிலையிலேயே கையை நீட்டி, விரல் நுனியால் மடலை இலேசாக அழுத்த வேண்டும். புஸ் என்று சிறிது சிறிதாகக் காற்று இறங்கும். காதின்மேல் இருந்த அழுத்தம் விட்டு, கழுத்து நேராகிற ஒரு கணம் வரும். அங்கே விரலை எடுத்துவிட வேண்டும். உட்கார்ந்துகொண்டு கையால் அமுக்கிப் பார்த்துச் சரிசெய்வதற்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஆகவே வால்வு எந்த மூலையில் இருக்கிறது என்று பாருங்கள். படுத்தபடி கைக்கு எட்டாத இடத்தில், அல்லது கன்னத்துக்கு நேர் கீழே வால்வை வைத்தவர், தாம் செய்த தலையணையில் படுத்துப் பார்க்காதவராகத்தான் இருக்க வேண்டும்.

நழுவுதல், குளிர், ஈரம்

வழுக்கும் துணி மெத்தை, அதன்மேல் வழுக்கும் துணித் தலையணை. நள்ளிரவில் தலை தரையில், தலையணை கூடாரத்தின் மூலையில். காற்றுத் தலையணைகளைப் பற்றி வரும் புகார்களில் மூத்தது இதுதான். ஸ்லீப்பிங் பேக்கில் தலையை மூடும் குல்லாய் இருந்தால் தலையணையை அதற்குள் செருகிவிடலாம், அதோடு தீர்ந்தது. குல்லாய் இல்லாத போர்வை வகையில் படுப்பவர்கள், தலையணையின் இரு பக்கமும் கயிறு மாட்டும் காதுகள் உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும். மெல்லிய எலாஸ்டிக் கயிற்றை அவற்றில் கோத்து மெத்தையைச் சுற்றிக் கட்டலாம்; எடை சில கிராம்தான். அடிப்புறத்தில் சிலிகோன் பசையைப் பொட்டுப் பொட்டாக வைத்து உலரவிடுவதும் உதவும், கட்டும் அளவுக்கு இல்லை.

ஊதிவைத்த தலையணை அரை மணியில் தளர்ந்திருப்பதைப் பார்த்து ஓட்டை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மூச்சுக்காற்று சூடானது, குளிர்ந்ததும் சுருங்கும். 25 டிகிரியிலிருந்து 5 டிகிரிக்கு இறங்கினால் உள்ளே இருக்கும் காற்றின் அளவு ஏறக்குறைய 7 சதவீதம் குறைந்துவிடும். படுக்கப்போகும் முன் இன்னும் அரை மூச்சு ஊதிக்கொண்டால் போதும்.

மூச்சோடு ஈரமும் போகிறது. ஒரு தலையணை நிறைய மூச்சில் கால் கிராம் அளவுக்கு நீர் இருக்கும். ஓர் இரவுக்கு அது பொருட்டல்ல. ஆனால் நாள்கணக்கில் ஊதி, மடித்து, வால்வை மூடிப் பையில் திணித்தால் உள்ளே பூஞ்சைக்கு நல்ல வாழ்வு. வீடு திரும்பியதும் வால்வைத் திறந்தபடி நிழலில் தொங்கவிட வேண்டும். மெத்தைக்குக் காற்றடிக்கும் பை வைத்திருப்பவர்கள், வால்வு பொருந்தினால், தலையணைக்கும் அதையே பயன்படுத்தலாம்.

இருக்கையில் தூங்குகிறவர்களுக்கு

கூடாரத்துக்கும் விமானத்துக்கும் ஒரே தலையணை போதுமா என்று கேட்பவர்கள் அதிகம். போதாது. படுத்திருக்கும்போது தலையணை தாங்குவது எடையை. உட்கார்ந்திருக்கும்போது தடுப்பது சாய்வை. இரண்டும் வேறு வேறு வேலை.

யு வடிவக் கழுத்துத் தலையணை பக்கவாட்டுச் சாய்வைத்தான் தடுக்கும். தூங்குகிறவரின் தலை பெரும்பாலும் விழுவதோ முன்னால், மோவாய் மார்பில் முட்டும்படி. போதாக்குறைக்கு, பின்பக்கம் தடித்திருந்தால் அதுவே தலையை முன்னுக்குத் தள்ளும். வாங்குவதானால் பின்பக்கம் தட்டையாகவும் பக்கங்கள் உயரமாகவும் உள்ளதை, முன்னால் கொக்கி மாட்டி இறுக்கக்கூடியதை வாங்குங்கள். கையில் இருப்பது தடித்த வகை என்றால் திறந்த வாய் பின்னால் வரும்படி திருப்பி மாட்டிப் பாருங்கள். மோவாய்க்கு அணை கிடைக்கும். டர்டில் என்ற தயாரிப்பு காற்றே இல்லாதது, சால்வைக்குள் வளைந்த ஒரு தாங்கியை வைத்துக் கழுத்தில் சுற்றிக்கொள்வது. ஒரே பக்கம் சாய்ந்து தூங்கும் பழக்கமுள்ளவர்களுக்கு அது யு வடிவத்தைவிட நன்றாகவே வேலை செய்யும், ஆனால் மடித்துச் சட்டைப்பையில் போட முடியாது.

நடைக்கான செவ்வகத் தலையணையை இருக்கையில் பயன்படுத்த ஒரு நல்ல வழி உண்டு: கழுத்தை மறந்துவிட்டு, பாதி ஊதி இடுப்புக்குப் பின்னால் வையுங்கள். நீண்ட பயணத்தில் அதன் அருமை தெரியும். ஜன்னல் ஓர இருக்கை கிடைத்தால் சுவருக்கும் தலைக்கும் நடுவில் செருகலாம்.

விமானத்தில் இன்னொன்று. பறக்கும்போது அறைக்குள் இருக்கும் காற்றழுத்தம் 1,800 முதல் 2,400 மீட்டர் உயரமுள்ள மலையில் இருப்பதற்குச் சமம். 2,400 மீட்டர் என்பது கடல்மட்ட அழுத்தத்தில் முக்கால் பங்கு. தரையில் கெட்டியாக ஊதி மூடிய தலையணை மேலே போனதும் உப்பி, தையலையும் ஒட்டிய ஓரங்களையும் இழுக்கும். விமானம் ஏறி நிலைகொண்ட பிறகு ஊதுவதுதான் முறை. இறங்கும்போது தளரும், அதில் கெடுதல் இல்லை.

வாங்கியபின் ஓர் இரவு

திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் வீட்டுத் தரையில், எடுத்துப் போகப்போகிற அதே மெத்தையை விரித்து, அதே தலையணையில் ஒரு முழு இரவு படுத்துப் பாருங்கள். கட்டில் மெத்தையில் வைத்துப் பார்ப்பது பயன்படாது, தோள் புதையும் அளவு வேறு. காலையில் காற்று வெகுவாக இறங்கியிருந்தால் மறுபடி ஊதி ஒரு வாளித் தண்ணீரில் அமுக்குங்கள். குமிழி வால்விலிருந்து வந்தால் மடலில் தூசியோ முடியோ சிக்கியிருக்கலாம், கழுவிவிட்டு மறுபடி பாருங்கள். ஓரத்து ஒட்டிலிருந்து வந்தால் பழுதுபார்க்க நினைக்க வேண்டாம், திருப்பி அனுப்பிவிடுங்கள். விட்டுப்போன ஒட்டு மேலும் மேலும் விடும். பயணத்தின் நடுவில் துணியில் முள் குத்திய ஓட்டை என்றால் அது சின்ன வேலை: இடத்தைத் துடைத்து நன்றாக உலரவிட்டு, ஓரங்களை வட்டமாக வெட்டிய ஒட்டுத்துணியைக் காற்றில்லாத நிலையில் அழுத்தி ஒட்ட வேண்டும். டிபியுவுக்கான ஒட்டும் பிவிசிக்கான பசையும் வெவ்வேறு. உங்கள் மெத்தைக்கு எடுத்துப் போகும் ஒட்டுத்துணி தலையணைக்கும் பொருந்துமா என்று கிளம்பும் முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.